கைராசியும் கணக்கும்

கருங்குழியில் ஒரு வீட்டில் மூன்றாம் நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், “யாருகிட்ட காட்டலாம்?” என்ற பேச்சுதான் முதலில் எழும். மதுராந்தகம் அரசு மருத்துவமனை அடுத்த ஸ்டேஷன் தூரம்தான். வடக்கே போனால், 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. தெற்கே மேல்மருவத்தூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. வழியெல்லாம் கிளினிக்குகள். ஆனால் யார் என்ன படித்தவர் என்பது அந்தப் பேச்சில் அதிகம் அடிபடாது. “அவரு கைராசிக்காரரு, ஒரே ஊசியில கேட்டுடும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டால் முடிவாகிவிடும்.

இந்தக் கைராசிப் பேச்சைத் தள்ளிவிட முடியாது. அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. புடவை எடுக்கப் போகிறவர் நெசவைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிறார். ஊசி மருந்தை யாரும் அப்படிப் பார்த்து வாங்க முடியாது. குணமான பிறகும், அது மருந்தால் வந்த குணமா, தானே வந்ததா என்று நோயாளிக்குத் தெரியாது. பொருளை எடைபோட வழியில்லாதபோது ஆளை எடைபோடுகிறோம். கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1963இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் மையமே இதுதான்: மருத்துவத்தில் விற்பவருக்குத் தெரிந்ததில் சிறு பங்குகூட வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் சந்தை விதிகள் அங்கே தாமாக வேலை செய்யாது, அந்த இடைவெளியை நம்பிக்கைதான் நிரப்ப வேண்டும்.

அந்த நம்பிக்கையை எதன்மேல் கட்டுவது? கைராசியின்மேல் கட்டினால் இரண்டு சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, கைராசி நம்மை ஏமாற்றும், மருத்துவரையும் சேர்த்தே ஏமாற்றும். சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தானாக இறங்கும். முதல் நாள் கஷாயம், இரண்டாம் நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை, மூன்றாம் நாள் தாங்க முடியாமல் டாக்டர். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் மருத்துவரிடம் போகிறார்கள். உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தான். அன்று யார் ஊசி போட்டாரோ அவருக்குப் பேர் வந்துவிடுகிறது. இப்படி ஆயிரம் பேர் குணமானதைக் கண்ணால் கண்ட மருத்துவர், தன் மருந்தின்மேல் முழு மனதோடு நம்பிக்கை வைக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இருந்தும் அவருக்குத் தெரிந்தது உண்மையாக இல்லாமல் போகலாம்.

இரண்டாவது சிக்கல் ஊரை ஒட்டிய ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் இருக்கிறது. ராத்திரியில் பைக்கோடு விழுந்து நினைவில்லாமல் கிடப்பவர் யாரிடம் காட்டலாம் என்று கேட்க மாட்டார். 108 ஆம்புலன்ஸ் எங்கே கொண்டுபோகிறதோ, அங்கே பணியில் யார் இருக்கிறாரோ, அவர்தான் மருத்துவர். பெயர் தெரியாத அந்த ஆள் இவர் சட்டையைக் கத்தரிப்பார், தொண்டைக்குள் குழாய் விடுவார், தேவைப்பட்டால் மண்டை ஓட்டைத் திறக்கவும் ஏற்பாடு செய்வார். தெருவில் ஒருவர் இன்னொருவர்மேல் கத்தி வைத்தால் அது குற்றம். நல்லெண்ணத்தோடும் சம்மதத்தோடும் செய்யப்படும் ஆபத்தான சிகிச்சை குற்றமாகாது என்று 1860இன் இந்திய தண்டனைச் சட்டமே 88ஆம் பிரிவில் சொன்னது. அதற்கு அது எடுத்துக்கொண்ட உதாரணம் ஓர் அறுவை மருத்துவர். சம்மதம் கேட்க முடியாத நெருக்கடிக்கு 92ஆம் பிரிவு. இத்தனை அதிகாரத்தை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுக்க, ஒரு தனி மனிதரின் கைராசி போதாது. அந்த இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் நம்பலாம் என்ற உறுதி, நாம் போய்ச் சேரும் முன்பே அங்கே இருந்தாக வேண்டும். மருத்துவம் ஒரு தொழில்முறை என்று சொல்வதன் பொருள் அதுதான்: பார்த்திராத நோயாளிக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்ட வாக்கு.

திருமுக்கூடல் சுவரில்

அந்த வாக்கின் ஒரு பாதியை நம் பக்கத்து ஊர் 950 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. கருங்குழிக்கு வடமேற்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 1060களில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலையொட்டி ஒரு கல்லூரியும், மாணவர்களுக்கான விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலையும் நடந்தன. அந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள்.

கல்வெட்டு அதன் செலவுக் கணக்கைப் பிசகில்லாமல் சொல்கிறது. நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அதோடு நிலமும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு பேர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு, அதற்கான எண்ணெய். ஓராண்டுக்குக் கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் சுமார் 20; அவற்றுள் சில கடுக்காய் சேர்ந்தவை, சில தைலங்கள், பழைய நெய்யும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது சம்பள ஏற்பாடு. மருத்துவரின் அடுப்பு எரிவது நோயாளியின் மடியை நம்பி இல்லை. ஒரு நாள் அதிகம் படுக்க வைத்தாலும் குறைவாகப் படுக்க வைத்தாலும் அந்த 90 கலம் மாறாது. ஆகவே “உனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ” என்று சொல்வதில் அவருக்கு இழப்பு ஏதுமில்லை. சொல்லும் ஆலோசனைக்கும் கிடைக்கும் வருமானத்துக்கும் நடுவே ஒரு வேலி போட வேண்டும் என்ற அறிவு அந்தக் கல்லில் இருக்கிறது.

ஆனால் வாக்கின் மறுபாதி அங்கே இல்லை. அந்த 20 மருந்தில் எது வேலை செய்தது, எது சும்மா இருந்தது என்று கண்டுபிடிக்கும் வழி அன்று எந்த நாட்டிலும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் நிமோனியாவுக்கு இரத்தத்தை வடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1830களில் பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, இரத்தம் வடிப்பதால் சொல்லிக்கொள்ளும்படி பயனில்லை என்று காட்டினார். கைராசிக்கு எதிரே கணக்கு வந்து நின்றது. அந்தக் கணக்கின் மிகப் பெரிய அத்தியாயங்களில் சில, நம் செங்கல்பட்டுச் சீமையிலும் சென்னையிலும் எழுதப்பட்டவை.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் இருக்கிறது மத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையம். 1955இல் மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் முன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். 1940களில் அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், நச்சு அதிகம் என்று ஒதுக்கப்பட்டிருந்த டாப்சோன் மருந்தைக் குறைந்த அளவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். விலை மலிவான அந்த மருந்து பின்னர் உலகெங்கும் தொழுநோய்ச் சிகிச்சையின் அடித்தளமாயிற்று.

1947இல் அவரைப் பார்க்க வந்தார் பால் பிராண்ட். பிறந்தது கொல்லிமலையில், வேலை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், துறை எலும்பு அறுவை. இல்லத்தில் விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்த கைகளை வரிசையாகப் பார்த்தார். இத்தனை பேர் கை முடங்கிக் கிடந்தும் எலும்பு மருத்துவர்கள் ஏன் இதைத் தொடவில்லை என்ற கேள்வி எழுந்தது. ஒரு நோயாளியின் வளைந்த விரல்களுக்குள் தன் கையைக் கொடுத்து, பலமாக அழுத்தச் சொன்னார். சொத்தையான பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியில் உயிர் போயிற்று. அந்தக் கையில் அவ்வளவு பலம்.

அந்த வலிக்குள் ஓர் உடற்கூற்றுப் பாடம் இருந்தது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, நீண்ட நாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன. விரலை நீட்டி, அகட்டி, நுட்பமாக இயக்கும் சிறு தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். முழங்கையின் பின்புறம், இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிறதே, அந்த நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. உடம்பின் உள்சூடு அங்கே குறைவு. கிருமி அங்கே நரம்பைக் கெடுக்கிறது, உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கைத் தசைகளில் பெரும்பாலானவை நல்லபடி இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் நாணைப் பிரித்தெடுத்து, செயலிழந்த வேலைக்கு வழிமாற்றி இணைக்கலாம் அல்லவா? 1948 முதல் வேலூரில் பிராண்டும் அவரது குழுவினரும் அதைச் செய்தார்கள். மூடிய கைகள் திறந்தன.

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்ற பழைய எண்ணத்தையும் அவர்கள் உடைத்தார்கள். வலி உணர்வு போய்விடுவதால், சுடுபாத்திரத்தைப் பிடித்த கை சுட்டது தெரியாமல் வெந்துபோகிறது. ஆணி குத்திய கால் குத்தியது தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறது. கவனிக்காத காயங்கள்தான் விரலைத் தின்கின்றன. காயத்தைத் தடுத்தால் விரல் நிற்கும்.

எல்லோரும் தொடத் தயங்கிய கையைப் பிடித்துப் பார்த்தது அன்பு. பிடித்ததோடு நில்லாமல், எந்தத் தசை போயிற்று, எது மிஞ்சிற்று என்று சோதித்து, கண்டதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தது தொழில்முறை. தன்னிடமே இருந்திருந்தால் அது பிராண்டின் கைராசியாகப் போயிருக்கும். கற்றுக் கொடுத்ததால் அது எல்லோருடைய கையிலும் வந்தது.

தன்னையே குறைத்துக்கொண்ட ஆய்வு

தாம்பரத்தைத் தாண்டும்போது மின்சார ரயில் சானடோரியம் என்ற நிலையத்தில் நிற்கும். டேவிட் சவுரி முத்து என்ற மருத்துவர் 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் இல்லத்தால் வந்த பெயர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, மருத்துவமனை வாசம்: காசநோய்க்கு இவை கட்டாயம் என்று உலகமே நம்பிய காலம் அது. ஆனால் நாட்டில் நோயாளிகள் எண்ணிக்கைக்கு எதிரே படுக்கைகள் மிகச் சொற்பம்.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு நேரடியான கேள்வி கேட்டது: புதிய மருந்துகள் கையில் இருக்கும்போது படுக்கை உண்மையில் தேவையா? 193 நோயாளிகளைத் திருவுளச் சீட்டுப்போல் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், மறு பிரிவு நெரிசலான வீடுகளில், அதே மருந்துகளோடு. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நல்ல நிலைக்கு வந்தார்கள். சத்தான சாப்பாடும் ஓய்வும் குறைந்த வீட்டு நோயாளிகள் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை.

1959இல் வெளியான அந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோயை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் வழியைத் திறந்தது. மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும் இருந்த முக்கியத்துவத்தை மருத்துவர்களே தராசில் வைத்து, குறையக் கண்டு, அதை அச்சிட்டு வெளியிட்டார்கள். ஏழை நோயாளி ஒரு வருடம் குடும்பத்தைப் பிரிய வேண்டாம் என்ற விடுதலை அதிலிருந்துதான் வந்தது.

கண்ணைக் கட்டிக்கொண்ட மருத்துவர்கள்

இதைவிடப் பெரிய சோதனை 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கியது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியை கிண்டி ஆய்வகம் 1948 முதலே தயாரித்து வந்தது. கோடிக்கணக்கானோருக்குப் போட்டாயிற்று. ஆனால் வெளிநாட்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாதுகாப்பு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மிகக் குறைவு. நம் மண்ணில் என்ன நிலை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஊர் ஊராக இறங்கியது. 3,66,000க்கு மேற்பட்டோர் பெயர் பதிவானது. முன்கையில் டியூபர்குலின் ஊசி போட்டு, சில நாள் கழித்துத் திரும்பி வந்து வீக்கத்தை மில்லிமீட்டரில் அளந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு 2,81,000 பேருக்கு ஊசி. சிலருக்கு உண்மையான பி.சி.ஜி., சிலருக்கு வெறும் போலி ஊசி. யாருக்கு எது என்று பிரித்தது தற்செயல். குப்பியில் இருந்தது குறியீடு மட்டும்தான். ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பின்னால் சளியைச் சோதித்தவருக்கும் தெரியாது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? தெரிந்திருந்தால், உண்மையான ஊசியைப் போட்டுக்கொண்டவரின் இருமலைச் சற்று லேசாகவும், போலி ஊசியைப் போட்டுக்கொண்டவரின் இருமலைச் சற்றுக் கூர்ந்தும் பார்க்கத் தோன்றும். நேர்மையானவருக்கும் அது நடக்கும். தன் ஆசை தன் கண்ணை வளைக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தக் கண்ணைத் தானே கட்டிக்கொள்வதுதான் இந்த முறை. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தப் பகுதியையும் சுற்றி, 15 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள்.

1979இல் முதல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. 1999இல் வெளியான 15 ஆண்டுக் கணக்கும் அதையே உறுதிசெய்தது. குழந்தைகளிடம் மட்டும் 27 விழுக்காடு பாதுகாப்பு தெரிந்தது, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவில். நம் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் சிறு வயதிலேயே உடம்பைப் பழக்கிவிடுவதால் தடுப்பூசியின் கூடுதல் பயன் மறைந்துபோகிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். மற்ற ஆய்வுகளிலிருந்து, பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடம்பெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் பி.சி.ஜி. நன்றாகக் காக்கிறது என்று தெரியும். அதற்காகத்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம், போட வேண்டும்.

யாரும் கட்டாயப்படுத்தாமல், தான் நம்பிப் பரப்பிய ஒன்றைத் தானே இத்தனை கறாராகச் சோதித்து, எதிரான விடை வந்தபோது மறைக்காமல் சொல்கிற துறை எத்தனை இருக்கிறது? அந்த விடைக்கு விலையாகக் கையை நீட்டியவர்கள் நம் கிராமத்து மக்கள். உலகின் தடுப்பூசிப் பாடநூல்களில் அந்தக் கைகளின் கணக்கு இருக்கிறது. இன்று கேட்கும் அளவுக்கு விளக்கிச் சொல்லி அன்று சம்மதம் கேட்கும் வழக்கம் வளர்ந்திருக்கவில்லை. அந்தக் கடன் இன்னும் மருத்துவத்தின் தலையில் இருக்கிறது.

பதில் சொல்லும் கடமை

சோதித்துத் தேறிய அறிவு மட்டும் போதாது. அதைக் கையில் வைத்திருப்பவர் யாருக்காவது பதில் சொல்ல வேண்டும். மருத்துவரின் தவறை இன்னொரு மருத்துவரால்தான் சரியாக அடையாளம் காண முடியும் என்பதால், பதிவேட்டையும் ஒழுங்கு நடவடிக்கையையும் சட்டம் மருத்துவர்களின் கவுன்சிலிடமே கொடுத்தது. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் வந்தது 1914இல். 2002இன் மருத்துவ நெறிமுறை விதிகள் இன்றும் எடுத்துப் படிக்க வேண்டியவை. மருத்துவர் தன் பதிவு எண்ணை நோயாளிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். ஸ்கேனுக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடி. கமிஷன் வாங்கும் நொடியில், திருமுக்கூடல் போட்ட வேலி உடைகிறது. நோயாளிக்கு ஸ்கேன் தேவையா என்ற கேள்விக்குள் மருத்துவரின் பை நுழைந்துவிடுகிறது. எங்கெங்கே இது நடக்கிறதோ அங்கெல்லாம் கைராசிப் பேச்சு மறுபடி பெருகும். மக்கள் துறையை விட்டுவிட்டு, நம்பத் தகுந்த தனி ஆளைத் தேடி அலைவார்கள். அதில் மக்கள்மேல் பிழையில்லை.

சாலையில் விழுந்தவருக்கான வாக்கும் எளிதில் வரவில்லை. மோதி விழுந்த ஸ்கூட்டர்காரர் ஒருவரை, போலீஸ் கேஸ் என்று சொல்லி ஒரு மருத்துவமனை சேர்க்க மறுத்து, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தியிலிருந்து எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பது முதல் கடமை, சட்டச் சடங்குகள் அதற்குப் பிறகுதான். 2021 டிசம்பர் 18 அன்று, கருங்குழிக்குத் தெற்கே அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கும் என்று அந்த வாக்குக்குப் பணமும் சேர்த்தது.

நோயாளிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. சிகிச்சை கைகூடாத ஒவ்வொரு முறையும் மருத்துவரை அடிக்கப் போவது இந்த வாக்கைப் பலப்படுத்தாது. சோதித்த மருந்தும் எல்லோரையும் காப்பாற்றாது. 92 விழுக்காடு தேறினார்கள் என்றால், நூறு பேரில் மீதி 8 பேர் இருக்கிறார்கள். முடிவுக்கு மருத்துவர் பொறுப்பல்ல, முயற்சிக்கும் நேர்மைக்கும் பொறுப்பு. அந்த நேர்மையைக் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த முறை மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இந்த மருந்து எதற்கு, எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும், இது வேலை செய்யும் என்று எப்படித் தெரியும்? மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. செங்கல்பட்டு மண்ணில் மருத்துவர்கள் தங்களிடமே 15 ஆண்டுகள் கேட்டுக்கொண்ட கேள்விதான் மூன்றாவது. அதற்குப் பொறுமையாக விடை சொல்கிறவர், அந்த நேரத்தில் ஊசி போடாவிட்டாலும் மருத்துவத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.